ஒரு தலை கூடுதல்

பன்னிரண்டு பாய்கள். பதிமூன்று தலைகள்.

ஆயா மறுபடியும் எண்ணினாள். ஜன்னல் பக்கத்திலிருந்து எண்ணினாலும் பதிமூன்று, கதவுப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் பதிமூன்று. குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பிள்ளை குறைந்தால் அலறலாம், ஓடலாம், போலீசைக் கூப்பிடலாம். ஒரு பிள்ளை கூடினால் என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அலறவும் முடியாது. மணி மத்தியானம் ஒன்றேகால். ஒன்றிலிருந்து மூன்று வரை பிள்ளைகள் தூங்கும் நேரம். நேற்றுத்தான் பெரிய டீச்சர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"உன் பொண்ணு தினமும் ஒன்றரை மணிக்கு வீல்னு கத்தி எல்லாரையும் எழுப்பி விட்டுடுது. இன்னும் ஒரு தடவை நடந்துச்சுன்னா, அவளைக் கூட்டிக்கிட்டு நீ வேற இடம் பாத்துக்க."

அந்தப் பொண்ணு, சிட்டு, நாலாவது பாயில் படுத்திருந்தாள். கண்ணை மூடினால் அவளுக்குக் கெட்ட கனவு. பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு வேலை பார்க்க விடும் இடம் ஆயாவுக்கு இது ஒன்றுதான் கிடைத்திருந்தது.

இன்று காலையிலும் பெரிய டீச்சர் ஏதோ சொன்னார். தண்ணீர் மோட்டார் இரைச்சலில் 'பாத்துக்க' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. "சரிங்கம்மா" என்று ஆயா வழக்கம்போலத் தலையாட்டி வைத்தாள்.

இப்போது பூனை நடை நடந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே! உள்ள ஒரு பிள்ளை கூடுதலா இருக்கு."

"குறைஞ்சாதாம்மா என்னைக் கேப்பாங்க. கூடுனா அது உன் சாமர்த்தியம்."

"வெளையாடாதீங்கண்ணே. காலையில யாரையாவது உள்ள விட்டீங்களா?"

"கையெழுத்து வாங்காம ஈ எறும்பைக்கூட விடமாட்டேன். இந்தா பாரு நோட்டு." பிரித்தவர் ஆவென்று ஒரு கொட்டாவி விட்டார். "என்னமோ தெரியல, இன்னைக்குக் கையெழுத்து வாங்குன இந்தப் பக்கத்தைப் பாத்தாலே..."

தாடை மார்பில் சாய்ந்தது. குறட்டை வந்தது.

ஆயா திரும்பி வந்தாள். நாலாவது பாய்க்கும் ஐந்தாவது பாய்க்கும் நடுவே, வெறும் தரையில், போர்வைக்குள் அது சுருண்டு கிடந்தது. விரல் நுனியால் போர்வையைத் தூக்கினாள்.

பிள்ளை இல்லை. பூனையும் இல்லை. மழைக்கு முந்தைய வானத்தின் நிறத்தில் ரோமம். முகத்தைவிடப் பெரிய இரண்டு காதுகள். ரோமத்துக்கு அடியில் என்னவோ மினுங்கி நகர்ந்தது. குனிந்து பார்த்தாள். ஓர் ஆறு. கரை தெரியாத ஆறு. அதன்மேல் ஒரு பஸ் மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன், இரண்டாவது பாயில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த பையன்; எந்நேரமும் பஸ் ஓட்டி விளையாடுவதால் அவனுக்குப் பேரே 'பஸ்காரன்'. பின்னால் மற்ற பிள்ளைகள் எல்லாரும். ஜன்னலோரம் சிட்டு, காற்றில் தலைமயிர் பறக்க.

ஆயாவின் கை தானாகப் போய் வாயைப் பொத்தியது.

அது புரண்டு படுத்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் புரண்டு படுத்தார்கள். அது காதைச் சொறிந்தது. இருபத்துநாலு காதுகளில் பன்னிரண்டு சொறியப்பட்டன.

"சூ... சூ... போ" என்று துடைப்பக் கட்டையால் மெல்ல நெட்டினாள். அதற்குக் கூச்சம் போலிருக்கிறது. கிக்கிக் என்று சிரித்தது. பன்னிரண்டு வாய்களும் கிக்கிக் என்றன.

சரி, சத்தமில்லாமல் சாமான் அறையில் போட்டுப் பூட்டிவிடலாம். போர்வையோடு தரையில் இழுத்தாள். நாலடிதான் போயிருப்பாள். பின்னால் காலடி ஓசை. பிள்ளைகள் மூடிய கண்களோடு எழுந்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பஸ்காரன் முன்னால்.

"ரைட், ரைட்... போலாம்" என்றான் தூக்கத்தில்.

"எங்கடா போறது! படுங்கடா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

பதறி அதைத் திரும்ப இழுத்துவந்தாள். பஸ்ஸும் திரும்பியது. ஆனால் ஒரு பாயில் மூன்று பேர், மூன்று பாய்களில் ஆளே இல்லை, ஒருத்தி வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தபடி. இந்தக் களேபரத்தில் போர்வை கதவு நிலையில் இடித்தது.

அது கண்ணைத் திறந்தது.

ஆயா அதற்குமுன் அப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது கிணறும் நம்மைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதன் ரோமத்திலிருந்து ஆறு வெளியே வழிந்தது. தரை நிறைந்து, ஜன்னல் உயரத்துக்கு ஏறியது. துணி நனையவில்லை, மூச்சு முட்டவில்லை. பொம்மை அலமாரிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவே பொன் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. ஒன்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. வேலை, டீச்சர், பூட்டு, சாவி எல்லாம் மறந்து ஒரு கணம் அவள் அண்ணாந்து நின்றாள்.

கடிகாரம் ஒன்று இருபத்தொன்பது காட்டியது.

அது நாலாபக்கமும் பார்த்தது. யாரையோ தேடியது. கீழ் உதடு பிதுங்கியது. பன்னிரண்டு கீழ் உதடுகளும் பிதுங்கின.

அந்தப் பிதுக்கலை ஆயாவுக்குத் தெரியும். மூச்சை உள்ளே இழுக்கும் அந்த நொடியும் தெரியும். அடுத்தது வீல்தான். அதுவும் பதிமூன்று வீல்.

யோசிக்கவில்லை. வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். எடையே இல்லை, புதுப் பஞ்சு மாதிரி இருந்தது. முதுகைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்ல. எந்தப் பூச்சாண்டியும் வரல. நான் இருக்கேன்ல?"

அது அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்தது. ஒரு பெரிய ஏப்பம் விட்டது. பன்னிரண்டு சின்ன ஏப்பங்கள் தொடர்ந்தன. ஆறு மெல்ல வடிந்து அதன் ரோமத்துக்குள் போனது. கடைசி மீன் வாலை ஆட்டிவிட்டுப் போனது.

மணி ஒன்றரை. சிட்டு அசைந்தாள். ஆயா மூச்சைப் பிடித்தாள்.

"டிரைவரண்ணே, இன்னொரு ரவுண்டு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சிட்டு தூங்கிப்போனாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. பெரிய டீச்சர், கையில் வருகைப் பதிவேடு. ஆயா அவசரமாகப் போர்வையைத் தோளோடு சுற்றினாள். ஒரு காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

டீச்சர் பேனா முனையால் எண்ணினார். வாளிப் பிள்ளையையும் சேர்த்துப் பன்னிரண்டு. பேனா நகர்ந்து ஆயாவின் தோளில் வந்து நின்றது.

"பதிமூணு. சரியா இருக்கு."

"அம்மா... இது... நான் வேணும்னு..."

"மெதுவாப் பேசு, முழிச்சுக்கும். புதுசா ஒண்ணு சேந்திருக்கு, பாத்துக்கன்னு காலையிலேயே சொன்னேன்ல? பாவம், இதோட அம்மாவுக்கு ராத்திரி பூரா ஊர்ல ஒவ்வொருத்தர் தலைமாட்டுலயும் கனவு குடுக்குற வேலை, பகல்லயாவது அவ தூங்க வேணாமா?"