காத்து வருது, காதுக்கு வரலை

ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம், தன் வீட்டு கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி ஏழாவது தடவையாக ஹார்ன் அடித்தபோதுதான் நூலகர் அந்த மாபெரும் முடிவை எடுத்தார். இனிமேல் இந்த வீட்டுக்கு அவர் வந்தால், வந்தது தெரிய வேண்டும்.

காரோடு வந்த ஹார்ன் அப்படிப்பட்டது. மன்னிப்புக் கேட்பது போல 'கீச்' என்று ஒரு சத்தம் போடும். மகள் இருந்தவரை அந்தக் கீச்சே தாராளமாக இருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்து கேட்டைத் திறப்பாள். அவள் கல்யாணமாகி விமானம் ஏறிப் பதினோரு மாதம் ஆகிறது. இப்போது அவரே இறங்கி, அவரே கேட்டைத் திறந்து, அவரே காரை உள்ளே விட்டு, அவரே திரும்பி வந்து மூட வேண்டும். "வாங்க சார், உக்காருங்க" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளாததுதான் பாக்கி.

மனைவிக்குக் காது பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையிலிருந்து ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய் வருவாள். வந்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏதாவது தொடர்கதை கேட்க ஆரம்பித்தால், கூரை இடிந்து விழுந்தாலும் தூசி கண்ணில் பட்ட பிறகுதான் நிமிர்வாள். நூலகரோ முப்பது வருஷமாக 'உஷ்' சொல்லியே சம்பளம் வாங்குகிறவர். பகல் முழுக்க ஊரார் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அவரோடு பேச ஆளில்லை. சாப்பிடும்போது "போதுமா?", படுக்கப் போகும்போது "பூட்டியாச்சா?" ஒரு நாளைக்கு அந்த இரண்டு கேள்விதான் அவர் பங்கு.

மறுநாளே வண்டி சாமான் கடைக்குப் போனார்.

"சத்தமா ஒரு ஹார்ன் வேணும்."

"எவ்வளவு சத்தம் சார்?"

"திரும்பிப் பாக்கணும்."

"இதைப் போடுங்க. காத்து ஹார்ன். ரெட்டைக் குழல். முன்னாடி போறவன் மட்டுமில்ல சார், அவன் முன்னோர்களே திரும்பிப் பாப்பாங்க."

அன்று சாயந்திரம் கேட்டுக்கு முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்தி அழுத்தினார். கப்பல் ஒன்று தெருவுக்குள் நுழைந்துவிட்டது போல இருந்தது. மரத்தில் இருந்த காக்கைகள் வேறு வட்டாரத்துக்குக் குடிபோயின. கதவு திறந்தது. இயர்போன் ஒரு காதில் தொங்க, மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகல. நான்தான்."

அவளே கேட்டைத் திறந்துவிட்டாள். அது போதும் அவருக்கு. அன்று இரண்டு தடவை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். வீட்டின் முன் அறையிலேயே வைத்தியம் பார்ப்பவர். வலது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு.

"சார், நேத்து நீங்க ஹார்ன் அடிச்சப்ப ஒருத்தர் வாயில என் விரல் இருந்தது."

"அய்யய்யோ!"

"பல்லைப் பிடுங்க வந்தவரு சார். அந்தப் பல்லாலேயே கடிச்சிட்டாரு. ஆடுது ஆடுதுன்னு சொன்ன பல்லு!"

நூலகர் வருத்தம் தெரிவித்தார். மனைவி அவரைவிட அதிகமாக வருத்தம் தெரிவித்தாள். டாக்டரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, ஏதோ தணிந்த குரலில் பேசிவிட்டும் வந்தாள்.

மறுநாள் சாயந்திரம் நூலகர் ஹார்னை அழுத்தினார். 'உர்ர்ர்' என்று உள்ளே மோட்டார் மட்டும் உறுமியது. சத்தம் வரவில்லை. திரும்ப அழுத்தினார். உர்ர்ர். அவரே இறங்கி, அவரே கேட்டைத் திறந்தார்.

கடைக்காரரிடம் கொண்டுபோகலாம். ஆனால் நூலகருக்குப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் உலகத்தில் உண்டு என்பதில் நம்பிக்கை இல்லை. பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்தார். முதலில் ஃபியூஸைப் பார், அடுத்து ரிலே, அடுத்து கம்ப்ரஸர், அடுத்து காற்றுக் குழாய், கடைசியில் குழல் என்று போட்டிருந்தது. வரிசை தாண்டுவது அவருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். அப்போதுதான் ஒரு சிக்கல் புரிந்தது. பட்டன் உள்ளே, கோளாறு வெளியே. ஒரே ஆளால் ஆகிற வேலை இல்லை.

"ஏம்மா, கொஞ்சம் வந்து உக்காந்து அழுத்துறியா?"

எப்படிக் கேட்டதோ தெரியவில்லை, வந்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். தூக்கிய பானெட் நடுவில் மறைத்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"கேக்கலையே."

"நான் சொன்னதா, ஹார்னா?"

"ஹார்ன்! காத்து வருது, காதுக்கு வரலை."

"எங்க கூடத்துக்கு நூறு பேர் இதையேதான் சொல்லிட்டு வராங்க. வயசு என்ன ஹார்னுக்கு?"

நூலகருக்குச் சிரிப்பு வந்தது. பானெட்டுக்கு அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்று முக்கால் மணி நேரம் ஃபியூஸையும் ரிலேயையும் பார்த்தார்கள். நடுவில் மகள் பேச்சு வந்தது. அங்கே இப்போது மணி என்ன என்று இரண்டு பேரும் விரல் விட்டு எண்ணினார்கள். கடைசியில் ரிலே சரியாக இருந்தது. அவர் மனசும் ஏதோ சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கம்ப்ரஸர், காற்றுக் குழாய். அவள் உள்ளே தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தார். அடித்தொண்டையில் ரோஸ் நிறத்தில் ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. இரண்டாவது குழலிலும் அதே. விரலால் அழுத்தினார். ரப்பர் மாதிரி அமுங்கியது. அவருக்கு அது நன்றாகத் தெரியும். காது மெஷின் செய்யக் காதுக்கு அச்சு எடுக்கிற, கொஞ்ச நேரத்தில் இறுகிப்போகும் களிம்பு. மனைவி கொண்டுவந்த ஒரு டப்பா வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

'அடிப்பாவி!'

உள்ளே போய் ஒரு பிடி பிடித்துவிடுவது என்று துணியில் கையைத் துடைத்தார். இரண்டு படி ஏறினார். நின்றார். களிம்பை எடுத்துவிட்டால் ஹார்ன் சரியாகிவிடும். ஹார்ன் சரியாகிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இருக்கையில் யார் உட்காருவார்கள்? இரண்டு படியும் இறங்கி வந்தார்.

"என்ன, கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ம்ஹூம். சிக்கலான கேஸ். இன்னும் நாலு வாரம் ஆகும் போல."

தன் வாழ்நாளில் முதல் தடவையாக மனைவியை ஏமாற்றிவிட்ட பூரிப்பில் அவருக்கு அன்று பேச்சே தடுமாறியது. அதன் பிறகு வந்த மூன்று ஞாயிறும் திருவிழாதான். நல்ல ஒயரைக் கழற்றினார், மாட்டினார். மாட்டியதைக் கழற்றினார். "அழுத்து", "அழுத்திட்டேன்" என்று சொல்லிக்கொண்டு, ஊர் உலகமெல்லாம் பேசினார்கள்.

நான்காவது ஞாயிறு. பானெட்டுக்குள் தலையை விட்டபடி, காது குழலுக்குப் பக்கத்தில் இருக்க, ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் சொன்னார்:

"அழுத்து."

கப்பல் வந்தது. அவர் காதுக்குள்ளேயே வந்தது. துள்ளிய துள்ளலில் மண்டை பானெட்டில் மோதியது. எதிர்வீட்டிலிருந்து "அம்மா!" என்று ஓர் அலறல் கேட்டது. அது டாக்டரா, வாய் திறந்திருந்தவரா, தெரியவில்லை.

"எடுத்துட்டியா?" என்று கத்தினார்.

"எதை?"

"அதான், அந்த ரோஸ்…"

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

நூலகர் ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஒரு நட்டை இன்னும் இறுக்கினார்.

"எத்தனை வாரமா?"

"நாலு."

"எனக்கும் சந்தேகம்தான். கோளாறு தேடுற மனுஷன் எல்லாத்தையும் பாப்பான். நீங்க குழல் பக்கமே தலை திருப்பலை. அதான் காலைல நானே எடுத்துட்டேன். தெரிஞ்சும் ஏன் வெச்சிருந்தீங்க? சரி, இருங்க, இன்னொரு தடவை அழுத்திப் பாத்துடறேன்."

நூலகர் மண்டையைத் தேய்த்துக்கொண்டார். பானெட்டின் உள்பக்கத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு, நூலகக் குரலில், மெல்ல ஆரம்பித்தார்.

"பாப்பா போனதுலேர்ந்து வீடு வீடா இல்லம்மா. நீ பக்கத்துல இருக்கே, ஆனா இல்ல. உன்னைக் குறை சொல்லலை. நாள்பூரா கத்திட்டு வர்றே. எனக்குக் கேட் திறக்க ஆள் வேண்டாம். நான் வந்துட்டேன்னு யாருக்காவது தெரியணும், அவ்வளவுதான். இந்த ஞாயித்துக்கிழமைங்கதான்… இதுக்காகவே வாரம் பூரா இருந்தேன். சரியாயிட்டா நீ எந்திரிச்சுப் போயிடுவியேன்னு பயமா இருந்தது."

சொல்லிவிட்டார். முப்பது வருஷத்தில் இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. பதில் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பானெட்டுக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்.

அடுத்த சோதனைக்குத் தயாராக, கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, இரண்டு காதிலும் மஞ்சள் பஞ்சு அடைப்பானைச் செருகி அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஒன்றை மட்டும் பிடுங்கினாள்.

"ஏதாவது சொன்னீங்களா?"

நூலகர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஃபியூஸ் நல்லா இருக்குன்னேன்."