குடியரசுத் தலைவரின் லட்சியங்களும் ஒரு டேங்கர் தண்ணீரும்

அன்புள்ள ராஜாம்பாள் அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி மலர்விழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் உயிரோடு நலமாக இருக்கிறோம். "உயிரோடு" என்று ஏன் எழுதினேன் என்பது கீழே வருகிறது. கரியாலூரில் நீங்களும் அண்ணனும் குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்று பார்த்தால் மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. அதனால் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று நிறைய யோசித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி குடியரசுத் தலைவர் ஆகிவிட்டார்.

சின்னசேலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் வீடு கட்டிய தெரு உங்களுக்குத் தெரியும். கிழக்கே ஓர் ஊராட்சி, மேற்கே ஓர் ஊராட்சி. கிழக்கிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் தெருவின் ஒரு முனையில் நின்றுவிடுகிறது, மேற்கிலிருந்து வருவது மறுமுனையில். கேட்டால் "நீங்க எங்க ஊருல வர்லீங்களே" என்று இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். நான் தினமும் வேலைக்குப் போகுமுன் மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு வயல் மோட்டாருக்குப் போய் வருகிறேன். போன மாதம் ஒரு நாள் இவர் மோட்டார் ரிப்பேர் கடையில் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்து, "அந்த ஊரும் இல்ல, இந்த ஊரும் இல்லன்னா நாம இன்னா? தனி நாடு!" என்றார். யோசித்துப் பார்த்தேன், அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா ராஜாங்கம், அக்கா ராஜாம்பாள், இவர் இளவரசன். இருந்தும் மன்னராட்சி வேண்டாம், குடியரசே போதும் என்று இவராகவே முடிவு செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். என் பச்சைப் புடவை கொடியாயிற்று. எதிர்வீட்டு ஆசீர்வாதம் அண்ணனின் மகன் குவைத்தில் இருப்பதால் அவர் வெளியுறவு அமைச்சர். லட்சியங்கள் நான்கு. குடிநீர், தெருவிளக்கு, அண்டை நாடுகளுடன் நட்பு, விண்வெளி ஆராய்ச்சி. கடைசி எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும், எல்லா நாட்லயும் வெச்சிக்கினுதான் இருக்காங்க" என்றார். நான் சிரித்திருக்கலாம். ஆனால் இருபது வயதில் எனக்கும் லட்சியங்கள் இருந்தன, அவற்றில் குடிநீர் கிடையாது. நாற்பத்தாறு வயதில் எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதனால் சிரிக்கவில்லை. அவர் கடையைத் திறப்பதையே விட்டுவிட்டார் அண்ணி, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

வினை பேனரில் வந்தது. இவர் பேனர் கடைக்குப் போட்டோவை அனுப்பி, "முதல் குடியரசுத் தலைவர் இளவரசன் அவர்களின் லட்சியங்களை நிறைவேற்றுவோம்" என்று போடச் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் உயிரோடிருப்பவரின் லட்சியத்தை யார் நிறைவேற்றுகிறார்கள்? கடைக்காரர் அனுபவஸ்தர். போட்டோவைச் சுற்றி மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே "கண்ணீர் அஞ்சலி", மறைவு என்ற இடத்தில் அன்றைய தேதி. விடிவதற்குள் மெயின் ரோட்டில் கட்டியும் விட்டார். அடுத்த மாதம் ஊராட்சித் தேர்தல் ஆயிற்றே, நம் தலைவர் தூங்கி எழுவதற்குள் மேற்கு ஊராட்சித் தலைவர் மாலையோடு வந்துவிட்டார். கிழக்குக்காரர் அதைவிடப் பெரிய மாலையோடு வந்தார். சாவு வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று மேற்கிலிருந்து டேங்கர் வந்தது. கிழக்குக்காரர் ஆள் விட்டு மூன்று கம்பத்தில் பல்பு மாட்டினார். "பாடி எப்பங்க வருது?" என்று டேங்கர் டிரைவர் கேட்டார். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள், "வரும் வரும், நீ மொதல்ல ஓஸ் பைப்ப நேரா புடி" என்றாள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. குடம் மாற்றிக்கொண்டிருந்தேன், பேச நேரமில்லை.

உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்த தலைவர் வெளியே வரப் பார்த்தார். கொளஞ்சியம்மாள் கதவை மறித்துக்கொண்டு, "நாட்டுக்காக உசுர வுடுவேன்னு சொன்னல்ல, தொட்டி நெறையற வரைக்கும் வுடு!" என்றாள். இவரும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். வெளியே, "இவுரு இந்த மண்ணோட மைந்தன், எங்க சுடுகாட்டுக்குத்தான் வரணும்" என்றார் மேற்கு. "யோவ், எங்க ஆளுய்யா இவுரு" என்றார் கிழக்கு. "தண்ணி கேட்டப்ப ஒங்க ஆளு இல்லன்னியே?" "அது தண்ணி, இது சாவு!" அதன்பின் ஒருவர் மாற்றி ஒருவர் இவரைப் புகழ்ந்தார்கள். முப்பது வருஷமாக மோட்டார் கட்டும் மனுஷனை இதுவரை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. எங்கள் தொட்டி முக்கால் நிறைந்தபோது, வாயில் பிரஷ்ஷும் கண்ணில் நீருமாக, நன்றி சொல்ல வெளியே வந்துவிட்டார். டேங்கர் டிரைவர் குழாயை மூடினார். தண்ணீர் நின்றது. "இவுரு ஒங்க ஊருதானே?" என்று இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டார்கள். பல்பையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாலைகளை மட்டும் விட்டுப் போனார்கள்.

இப்போது தலைவர் கடைக்கும் போகாமல், ஐந்தாவது லட்சியமாகக் கப்பற்படையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார். பதவி மனிதரை என்ன செய்யும் என்று பி.ஏ. வரலாற்றில் படித்தேன், வீட்டுக்குள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. நீங்கள் "டேய்" என்றால் மட்டும்தான் அவருக்குக் காது கேட்கும். கடிதம் கண்டவுடன் பஸ் ஏறி வந்து, அவரைக் கடையில் உட்கார வைத்து, திங்கட்கிழமை எங்கள் எல்லோரோடும் சேர்ந்து கலெக்டர் ஆபீசில் ஒழுங்காக ஒரு மனு கொடுக்கச் சொல்லுங்கள். குறுக்குவழியில் வரும் தண்ணீர் எனக்கு வேண்டாம்.

அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எங்கள் வீட்டின்மேல் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மலர்விழி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது தெருப் பெண்கள் வந்தார்கள். இன்னொரு பேனர் கட்டலாம் என்றார்கள். அங்கேயே குடியரசுக்குத் தேர்தல் நடந்தது. இனி நான்தான் தலைவர். லட்சியம் ஒன்றுதான், உங்களுக்குத் தெரியும். "ஒருவாட்டி ஏமாந்தவன் மறுவாட்டி எப்பிடிடீ வருவான்?" என்று கேட்டேன். "எலக்‌ஷன் வருதுல்ல, நெசமா செத்துட்டிருந்தா இன்னா பண்றதுன்னு ரெண்டு பேரும் ஓடியாருவானுங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். அதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே அண்ணி, நீங்கள் தயவுசெய்து வர வேண்டாம். அடுத்த மாதம் வரை மலையைவிட்டு இறங்கவே வேண்டாம். பட்டுப்புடவை கட்டி நல்லதாக ஒரு போட்டோ எடுத்து இதே கண்டக்டரிடம் கொடுத்தனுப்புங்கள். முகம் கொஞ்சம் சிரித்தாற்போல் இருக்கட்டும். உங்களுக்கு லட்சியம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள், நிறைவேற்றுவோம்.