மாடு என்ற சொல் இல்லாத கடிதம்

சங்கரன்கோவில்,
சனிக்கிழமை மதியம்.

அன்பும் மரியாதையும் மிக்க சித்தப்பாவுக்கு,

மகள் ஷீலாவின் ஸ்தோத்திரங்கள். ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். சித்தியின் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் நடத்தும் சபை மாத இதழில், சர்ச் ஹாலில் நான் தொடங்கப்போகும் எழுத்து வகுப்பின் அறிவிப்போடு போட, என் பின்னணியை ஐந்து வரியில் கேட்டிருந்தீர்கள். முதல் வரியை நேற்று பஸ்ஸிலேயே யோசித்தேன். ஜன்னல் பக்கம் இடம், தூரத்தில் மலை நீலமாய்க் கரைந்துகொண்டிருக்கிறது, ‘பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்து’ என்று ஆரம்பித்து, அந்தப் பக்தி அப்பாவுடையதா அம்மாவுடையதா என்று நினைத்துக்கொண்டே போனதில் நம் ஊர் எப்போது கடந்தது என்றே தெரியவில்லை, கண்டக்டர் வந்து வாசுதேவநல்லூர் என்று எழுப்பிவிட்டார். வகுப்பிலும் இதே கதைதான். போன வாரம் கொன்றை பூத்திருந்ததைப் பார்த்தபடி வருகைப்பதிவு எடுத்து, அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கும் வந்ததாகப் போட்டுவிட்டேன். இருபத்தேழு வருஷமாய் இலக்கியம் நடத்துகிறவளின் லட்சணம் இது.

நான் எழுத வந்த கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சித்தப்பா. எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பாவின் பம்ப்செட் சாமான் கடைக்குச் சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் வருவார்கள். அப்படி வந்தவர்தான் இளையரசனேந்தல் கோமதித்தாய் அக்கா. எழுதப் படிக்கத் தெரியாது. நாங்கள் வேதக்காரர்கள் என்பதால், எங்கோ ஒரு ஜெப இல்லத்துக்குத் தன் சினை மாட்டுக்காக ஜெபிக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். நான் எழுதினேன். ‘அவளுக்கு இதுதான் முதல் தடவை. தண்ணீர் வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சாயங்காலமானால் கண் நிறைய வாசலையே பார்த்து நிற்கிறாள்.’ இரண்டு பக்கம். மாடு என்ற சொல் அழகைக் கெடுக்கும் என்று ஓர் இடத்திலும் அதை எழுதவில்லை.

பதில் அக்காவின் ஊர் விலாசத்துக்கு வந்தது. வாசித்துக் காட்டச் சொல்லி, வீட்டுக்காரர் துரைப்பாண்டி அண்ணாச்சியையும் கடைக்குக் கூட்டிவந்தார். அண்ணாச்சி ஒரு நாளைக்கு நாலு சொல் பேசினால் அதிகம். கவரைப் பிரித்தேன். ஜெப இல்லத்தார் ஒரு பெண்ணுக்கென்றே நினைத்து எழுதியிருந்தார்கள். கர்ப்பிணி கனத்த குடம் தூக்கக் கூடாதாம், கணவர் தினமும் மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து அன்பாக நாலு வார்த்தை பேச வேண்டுமாம். குடத்தை அப்படியே வாசித்துவிட்டேன். அது எங்க தூக்கப் போவுது என்றார் அக்கா. பிறகு சுதாரித்துக்கொண்டு, கர்ப்பிணியை மாடு என்றும் கணவரை வீட்டுக்காரர் என்றும் மாற்றி வாசித்து முடித்தேன்.

அண்ணாச்சி அன்று முதல் தொழுவத்தில் உட்கார்ந்து மாட்டிடம் பேச ஆரம்பித்தார். மழை வருமா, பருத்தி என்ன விலை போகும், இடுப்பு வலிக்கிறதா என்றெல்லாம் கேட்டாராம். மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. நடந்ததை ஒப்புக்கொள்ளலாம் என்று நான் வாயெடுக்கும்போது, சீம்பாலோடு வந்த அக்கா கண் கலங்கி நின்றார்.

“மாட்டுகிட்ட பேசிப் பழகி, இப்ப என்கிட்டயும் ரெண்டு வார்த்த பேசுதாரு தாயி.”

சீம்பாலை மட்டும் வாங்கிக்கொண்டேன். ராத்திரி முழுக்க எங்கோ மிதப்பதுபோல இருந்தது. எழுதுவதும் அதைச் சொல்லிக்கொடுப்பதும்தான் என் வேலை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆனால் இதை இதழில் போட்டால் யாராவது அக்காவிடம் வாசித்துக் காட்டுவார்கள். அண்ணாச்சியும் இப்போது இல்லை. முப்பத்தேழு வருஷம் நம்பியதை நான் போய் உடைக்க வேண்டாம். ஊர், படிப்பு, வேலை, இவற்றை மட்டும் போட்டுவிடுங்கள்.

சித்திக்கு என் அன்பு. எங்களையும் உங்கள் ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஷீலா

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் கோமதித்தாய் அக்காவே வந்துவிட்டார்கள். எழுத்து வகுப்பில் பெயர் கொடுக்க வேண்டுமாம், முதலில் அரிச்சுவடியாம். எனக்கு மனம் தாங்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்கள்:

“எங்க ஊரு தபால்காரரு அந்தப் பதிலக் கொண்டுவந்த அன்னைக்கே வாசிச்சுச் சொல்லிட்டாரு. பொண்டாட்டிகிட்ட பேசுங்கன்னா அவரு பேசுவாரா? நீ எப்படியும் மாட்டுக்குன்னுதான் மாத்தி வாசிப்பன்னு தெரியும். அதான் அவரையும் கூட்டிட்டு வந்து, கவரத் திரும்ப ஒட்டி உன் கையில தந்தேன்.”

சித்தப்பா, அறிவிப்பில் ஆசிரியை பெயர் வரும் இடத்தை மட்டும் இப்போதைக்குக் காலியாக விட்டுவையுங்கள்.