ஓதோசான் ரொம்பப் பெரியவர்

"இப்ப எங்கப்பாவைப் பத்தி என்னமோ சொன்னீங்களே, என்னது?"

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள் மனைவி. லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த ஜப்பானியப் பாடப் புத்தகத்தை மெதுவாக மூடினார். அவர் சொன்னது இதுதான்: "ஓதோசான் வா ஓகீ தேஸ்." ஓதோசான் என்றால் அப்பா என்பதை, பாடம் ஆரம்பித்த முதல் வாரமே பெருமையடித்துக்கொண்டு மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். தன் வாயாலேயே கெட்டார்.

"ஓகீன்னா பெரியன்னு அர்த்தம். அப்பா பெரியவர்னு சொன்னேன்."

பொய் இல்லை. ஆனால் புத்தகத்தில் ஓகீ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போட்டிருந்த படம் யானை.

மாமியார் காலமான பிறகு, பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மாமனார் அவர். வந்து ஐந்து மாதம் ஆகிறது. பஸ் கண்டக்டராக முப்பது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர், அதற்கெல்லாம் சேர்த்து இப்போது உட்கார்ந்துகொண்டிருந்தார். அதுவும் மெக்கானிக்கின் சாய்வு நாற்காலியில். டிவி சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். "அப்பா இங்கயே இருக்கட்டுமாங்க?" என்று மனைவி கேட்டபோது, "இருக்கட்டுமே" என்றவர் இவர்தான். வாய் சொன்னதை ரத்தம் ஒப்புக்கொள்ளவில்லை. கொதித்தது. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிபி ஏறியிருக்கு. மனசுக்குப் பிடிச்சதா ஏதாவது கத்துக்குங்க" என்றாள்.

இருபது வருஷமாக லிஃப்ட் பெட்டிகளைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஜப்பானிய எழுத்துகள் அவரை முறைத்துப் பார்த்திருக்கின்றன. அதையே கற்றுக்கொள்வது என்று புத்தகம் வாங்கினார். நாலாம் பாடத்துப் பயிற்சி: 'உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி வாக்கியங்கள் அமைக்கவும்.' மனைவி வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இருப்பது ஒரே ஒருவர். விளைவு, மேலே சொன்ன வாக்கியம்.

மனைவி நேரே கூடத்துக்குப் போனாள். "அப்பா, நீங்க ரொம்பப் பெரியவர்னு அவர் ஜப்பான் பாஷையில சொல்றார்ப்பா."

மாமனார் டிவியை அணைத்தார். ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை. "எங்கே மாப்பிள்ளை, இன்னொரு வாட்டி சொல்லுங்க, கேப்போம்."

சொன்னார். மாமனார் தலையாட்டினார். "கேக்க நல்லாத்தான் இருக்கு. தினமும் சொல்லுங்க."

அன்றிலிருந்து தினமும் மாலையில் பாடம் கூடத்துக்கு வந்துவிட்டது. மெக்கானிக்குக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகுதான் இதில் இருக்கும் வசதி புரிந்தது. மாமனார் முகத்தைப் பார்த்தே எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

"ஓதோசான் நோ தெரெபி வா உருசாய் தேஸ்" என்றார் ஒரு நாள். உங்கள் டிவி சத்தத்தில் காது கிழிகிறது.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றாள் மனைவி.

"அப்பாவுக்குக் கம்பீரமான குரல்."

"ஓதோசான் வா இசு ஓ கயேஷிமசேன்" என்றார் மறுநாள். நாற்காலியைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்.

"இது?"

"எடுத்த காரியத்தை விட மாட்டார்."

மூன்று மாதத்தில் மனைவி மறுபடி பட்டையைச் சுற்றினாள். பிபி இறங்கியிருந்தது. "பாருங்க, அப்பாவைப் புகழ்ந்து பேசின பலன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "அப்பா இங்க இருக்கறது உங்களுக்குப் பாரமோன்னு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்ததுங்க. இப்பத்தான் நிம்மதி."

மெக்கானிக் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு எழுபது வயசு முடியுது. கேக் வெட்டினதும் நீங்க அதையெல்லாம் சேர்த்துப் பேசணும்."

"பேசிட்டாப் போச்சு" என்றார். யாருக்குப் புரியப்போகிறது?

"கீழ் வீட்டு வெல்டரையும் கூப்பிட்டிருக்கேன். எட்டு வருஷம் ஜப்பான்ல கப்பல் கட்டுற இடத்துல இருந்தவராம். நீங்க பேசப் பேச அவர் தமிழ்ல சொல்லுவார்."

மெக்கானிக்குக்கு லிஃப்ட் கயிறு அறுந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குரல் போய்விட்டது என்று சைகை செய்தார்.

"பரவாயில்லை, எழுதிக் குடுங்க. வெல்டர் படிக்கட்டும்" என்றாள் மனைவி.

பேச்சாவது காற்றோடு போகும். எழுத்து கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்கும். ஒரு தம்ளர் வெந்நீரில் அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. நர்ஸுக்கே ஆச்சரியம்.

சரி, நிஜமாகவே புகழ்ந்துவிடுவோம் என்று புத்தகத்தைப் புரட்டினார். பெரியோரைப் பாராட்டுவது இருபத்தேழாம் பாடத்தில் இருந்தது. அவர் இருந்தது ஒன்பதில். நடுவில் இருந்த பதினேழு பாடங்களையும் தாண்டிக் குதித்து, மூன்று நல்ல வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். குளிக்கும்போது சொன்னார். லிஃப்ட் மேல் நின்றுகொண்டு சொன்னார்.

ஞாயிறு மாலை கேக் வெட்டினார்கள். வெல்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, முதல் நாற்காலியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். மெக்கானிக் எழுந்தார். மூன்று வாக்கியங்களும் அந்த நிமிஷமே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டன. அவர் வாயைத் திறந்தார். மூன்று மாதமாகப் பழகிய நாக்கு, எஜமானைக் கேட்காமல் தானே ஓட ஆரம்பித்தது.

"ஓதோசான் வா ஓகீ தேஸ். ஓதோசான் நோ தெரெபி வா உருசாய் தேஸ். ஓதோசான் வா இசு ஓ கயேஷிமசேன்."

இதோடு நிறுத்த வேண்டும் என்று நினைத்தார். நாக்கு கேட்கவில்லை. முதல் பாடத்துக்கே போய் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது. "ஓதோசான் வா உச்சி நி இமாஸ்." அப்பா வீட்டில் இருக்கிறார். அவ்வளவுதான் அதற்குப் பொருள். அதைச் சொன்னபோது மாமனார் முகத்தைப் பார்த்தார். கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பாடத்தைக் கவனிக்கிற பிள்ளை மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார். இந்த மனிதர் போய்விட்டால் நாளை மாலை யாரிடம் போய்ப் பேசுவது என்று மெக்கானிக்குக்குத் திடீரென்று தோன்றியது. காலம் கடந்த ஞானம்.

எல்லோரும் வெல்டரைப் பார்த்தார்கள். வெல்டர் எழுந்து கனைத்துக்கொண்டார்.

"சார் என்ன சொல்றார்னா, அப்பா மனசு பெருசு. அப்பா குரல் கேட்டாத்தான் வீட்டுக்குக் களை. ஒரு இடத்துல உட்கார்ந்தா அந்த இடத்துக்கே மரியாதை. அப்பா இருக்கறதாலதான் இது வீடு. அப்படிங்கறார்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

வெல்டர் விடைபெற்றுக் கிளம்பியதும் மெக்கானிக் படிக்கட்டில் பின்னாலேயே ஓடினார். பாதிப் படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சதுதானே?"

"ஒரு வார்த்தை விடாம."

"குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க. அந்த நேரத்துல எப்படிண்ணே அவ்வளவு அழகா தோணிச்சு?"

வெல்டர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"எனக்கு எங்க சார் தோணுது. காலையில உங்க மாமனார்தான் இதை எழுதி எடுத்துக்கிட்டு வந்தார். 'முப்பது வருஷம் பஸ்ல திட்டு வாங்கினவன் தம்பி, எந்த பாஷையில திட்டினாலும் எனக்குப் புரியும். மாப்பிள்ளை சாயங்காலமும் திட்டுவார், எம் பொண்ணு காதுல இது மட்டும் விழற மாதிரி சொல்லிருங்க'ன்னார்."