ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

அன்பிற்குரிய மைத்துனனுக்கு, உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், ஷெட்டில் நிற்கும் இத்தாலியக் காரைத் தவிர மற்ற யாவும் நலம். அங்கே உன் நலத்தையும், பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் உன் கொக்கி வண்டியின் நலத்தையும் அறிய ஆவல்.

நேற்று போனில் நீ சொன்னதற்கு எழுத்தில் பதில் கொடுத்தால்தான் எனக்குத் திருப்தி. "அத்தான், அது இனிமே ஓடாது. ஞாயித்துக்கிழமை காலைல வந்து இழுத்துட்டுப் போய் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றாய். வராதே. வந்தால் கேட்டருகே ஸ்பேனரும் கையுமாக நான் நிற்பேன். ஆவணக் காப்பறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். என் பொறுப்பில் இருந்த ஒரு கோப்பு இடம் மாறியது கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு ஓர் இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரியாதா?

கழற்றிய முந்நூற்றுப் பன்னிரண்டு பாகங்களுக்கும் எண் எழுதி, நூலில் கட்டி, உன் அக்காவின் சமையலறை டப்பாக்களில் வரிசையாக அடுக்கினேன். பிஸ்டன்களைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊறப்போட்டேன், அதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை, அந்த அமைதியில் வேலை மளமளவென்று நடந்தது. எல்லாம் மாட்டி முடித்தபோது ஒரேயொரு வாஷர்தான் மிச்சம். சாவியைத் திருப்பினேன். டமால் என்று ஒரு சத்தம், கார்புரேட்டர் வழியாகத் தீ எட்டிப் பார்த்தது, சைலன்சர் கக்கிய கரி மாடிவீட்டுக்காரர் காயப்போட்ட வெள்ளைச் சட்டைகளில் போய் உட்கார்ந்தது. அவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, "சார், வண்டிக்கு ஊத்தவா, உங்களுக்கு ஊத்தவா?" என்று கேட்டார். கார்புரேட்டர்தான் குற்றவாளி என்று அதை நான்கு முறை பிரித்தேன். பிறகு பெட்ரோலைச் சந்தேகப்பட்டு மாற்றினேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டு மாற்றினேன், கடைசியில் உன்னைக்கூடச் சந்தேகப்பட்டேன். திருப்பும்போதெல்லாம் அதே டமால்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தெளிவாக இருக்கிறேன். வண்டியோடு வந்த கையேட்டில் பிளக் ஒயர்களை மாட்டும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று அச்சாகியிருக்கிறது. இப்படி எண்ணுகிறவன் உலகத்தில் எவனாவது உண்டா? அச்சுப்பிழை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சிவப்பு மையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று திருத்தி, ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு, அதன்படியே மாட்டினேன். உன் அக்கா எட்டிப் பார்த்து, "புக்குல போட்டிருக்கிற மாதிரி ஒரு தடவ மாட்டித்தான் பாருங்களேன்" என்றாள். "காப்பறைக்குள் வெளியாருக்கு அனுமதி இல்லை" என்று ஷெட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீ கேட்பாய். பதினொரு வருடத்துக்கு முன்னால் உன் அக்கா லைசென்ஸ் எடுத்தாள். கடலோரத்தில் இருக்கும் உங்கள் பெரியக்கா வீட்டுக்கு இந்தக் காரை அவளே ஓட்டிப் போக வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்பது பேச்சு. வண்டியைத் தயார் செய்வது என் பொறுப்பு என்று சொன்னவன் நான்தான். லைசென்ஸைப் புதுப்பித்தும் ஆகிவிட்டது, வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்த வண்டி இரும்புக்குப் போகாது. நானே ஓட வைப்பேன், யார் உதவியும் வேண்டாம், உன் கொக்கியின் நிழல்கூட என் வாசலில் விழக்கூடாது.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். உன் தொழில் மேன்மேலும் வளரட்டும், என் வாசலைத் தவிர்த்து.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உன் அத்தான்

பி.கு.: இதைப் போட உறை தேடி நான் வீட்டுக்குள் போன ஐந்து நிமிடத்தில் உன் அக்கா ஷெட்டுக்குள் புகுந்து, மூன்று ஒயர்களைப் பிடுங்கி, கையேட்டில் அச்சடித்த வரிசையில் மாட்டிவிட்டாள். சாவியைத் திருப்பினாள். டமால் இல்லை. வண்டி சமர்த்தாக ஓட ஆரம்பித்துவிட்டது. "ஏறுங்க, பெரியக்கா வீட்டுக்குப் போலாம்" என்றாள். வரிசை தப்பான வண்டியில் ஏற மாட்டேன் என்றேன். "அப்ப இருங்க. நான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் அங்கதான் இருப்பேன்" என்று கிளம்பிவிட்டாள். தெருமுனையில் திரும்பும்போது கை காட்டினாள். எவ்வளவு அழகாக ஓட்டுகிறாள் தெரியுமா! ஆகவே ஞாயிறு வரை காத்திருக்காமல், இதைப் பார்த்ததும் உன் கொக்கி வண்டியை எடுத்துக்கொண்டு உடனே வா. இழுத்துப் போக வேண்டியது காரை அல்ல, என்னை.