ரேடியோ தந்த கொப்புளம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு உதட்டில் கொப்புளம் வந்தது பெரிய விஷயமில்லை. அவர் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நிலைக்கண்ணாடி இருந்ததுதான் வம்பாகப் போயிற்று. ஃப்ரேம் மாட்டி அழகு பார்ப்பவர்களுக்காக ஆசை ஆசையாக அவரே வாங்கி மாட்டியவை. அன்று காலை ஷட்டரைத் தூக்கியதும், சுவர் முழுக்கக் கடைக்காரர்கள் நின்று, கீழுதட்டின் வலது ஓரத்தில் ஒரு குட்டிக் கொப்புளக் கூட்டத்தோடு அவரையே முறைத்தார்கள்.

லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து உதட்டருகே பிடித்தார். பிடித்திருக்கவே கூடாது.

அடுத்த தப்பு, கைப்பேசியிடம் கேட்டது. அது அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாக விசாரித்தது. எரிகிறதா? ஆமாம். வருவதற்கு முன்னால் குறுகுறுவென்று இருந்ததா? ஆமாம். அண்மையில் பாதுகாப்பு இல்லாமல் வாய்வழி உறவு கொண்டீர்களா?

கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். இதற்கு ஆமாம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிரச்சினையே அந்த வாய்தானே.

கவிழ்ப்பதற்குள் ஒரு சொல் கண்ணில் பட்டுவிட்டது. ஹெர்ப்பீஸ். உதட்டிலிருந்து கீழே போகும், கீழேயிருந்து உதட்டுக்கு வரும் என்று அதற்கு விளக்கம் வேறு. அதைப் படித்த நொடியிலிருந்து, அதுவரை சிவனே என்று கிடந்த இடங்களெல்லாம் அவருக்கு அரிக்க ஆரம்பித்தன.

ஐம்பத்து நான்கு வயதுவரை இப்படிப்பட்ட கவலைக்கு அவர் வாழ்க்கையில் இடமே இருந்ததில்லை. கல்யாணம் இன்று நாளை என்று தள்ளித் தள்ளி, கடைசியில் யாரும் கேட்காமலே விட்டுவிட்டார்கள். கீழே கடை, மேலே வீடு, வீட்டில் அக்கா. அப்படியே போயிருக்கும், ரேடியோ மட்டும் வராமல் இருந்திருந்தால்.

ரேடியோ கல்லூரித் தோழி. நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை அவளுக்கு. நடிகர் காதில் கிசுகிசுப்பதாக நினைத்து அவள் சொல்வது கடைசி வரிசைவரை கேட்கும். நடிகர் பேசுவதற்கு முன்பே ஜனங்கள் கைதட்டிவிடுவார்கள். அதனால் அந்தப் பெயர். விளக்கு போடுகிற வேலை இவருக்கு; ஆகவே இவர் 'லைட்டு'.

கடைசி ஆண்டு நாடகம். இரண்டு காட்சிகளுக்கு நடுவே விளக்கை அணைத்து, நாற்காலிகளை மாற்றியதும் மறுபடி போட வேண்டும். அணைத்தார். இருட்டில் முகப்பவுடர் வாசனையும் வியர்வையும் கலந்த ஒரு முகம் பக்கத்தில் வந்தது. அவளாக வந்தாளா, இவராகப் போனாரா என்று இன்றுவரை தெரியாது. ராஜா வேஷக்காரர் இருட்டில் நாற்காலி தடுக்கி விழுந்து, கொட்டகையே விசிலடித்த பிறகுதான் ஸ்விட்ச் என்று ஒன்று இருப்பது இவருக்கு நினைவு வந்தது. தேர்வு முடிந்ததும் அவள் குடும்பம் ஊர் மாறிப் போனது. அவர் வாழ்க்கையின் முத்தக் கணக்கு அந்த ஒன்றோடு நின்றுபோனது.

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று ஒரு குரல் கடை வாசலில் கேட்டது. நரை, விவாகரத்து, முழங்கால் வலி எல்லாம் சேர்ந்திருந்தன. குரல் மட்டும் அப்படியே. ஃப்ரேம் பார்க்க நாலு தடவை வந்தாள். ஐந்தாவது தடவை இவர் அவள் வீட்டுக்குப் போனார். அந்த வயதில் பாதுகாப்பு என்றால் கதவைத் தாழிடுவது என்றே இருவரும் நினைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது தெருவிளக்குகள் எல்லாம் தானே போட்டவை போல அவருக்குத் தோன்றியது.

இப்போது கொப்புளம்.

முதல் வேலையாக மாஸ்க் போட்டார். மதியம் சாப்பிட மாடிக்குப் போனதும் அக்கா கேட்டாள்.

"என்னடா வாய மூடிக்கிட்டு?"

"சளிக்கா. உனக்கு ஒட்டிக்கப் போகுது, தள்ளி நில்லு."

அக்காவுக்குச் சளி என்றால் போதும். ஒரு சட்டி வெந்நீரைக் கொண்டுவந்து அவர் முன் வைத்து, தலைமேல் பெரிய துண்டைப் போர்த்திவிட்டாள். மாஸ்க்கைக் கழற்ற முடியாமல், மாஸ்க்கோடேயே ஆவி பிடித்தார். கொப்புளம் அந்தச் சூட்டில் சுகமாக வளர்ந்தது.

எரிச்சல் தாங்காமல் குளியலறை அலமாரியில் துழாவி ஒரு களிம்பை எடுத்து அப்பினார். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவர், தன் கண்ணாடியைக் கீழே கடையில் வைத்துவிட்டு வந்திருந்தார். அது அக்காவின் மூட்டுவலிக் களிம்பு. வாயில் சத்தம் வராமல் அவர் குதித்த குதியில் அலமாரியே ஆடியது. மறுநாள் கீழுதடு சின்னத் தலையணை மாதிரி வீங்கியிருந்தது.

ரேடியோ ஃபோன் செய்தாள். எடுத்தால் பேச வேண்டும். பேசினால் பார்க்க வேண்டும். பார்த்தால் இதைச் சொல்ல வேண்டும். 'உன்கிட்டேருந்து எனக்கு நோய் வந்திருக்கு' என்று எந்த வாயால் சொல்வது? அல்லது தன்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருந்தால்? அது எப்படி, தன்னிடம் எங்கிருந்து வரும்? வெளியூரில் லென்ஸ் கண்காட்சிக்கு வந்திருப்பதாகச் செய்தி அனுப்பினார். கவுன்டரில் நிற்கிற பெண்ணிடமும், யார் கேட்டாலும் அதையே சொல்லச் சொன்னார்.

மறுநாள் கண் சோதிக்கிற இருட்டறையில், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரை உட்கார வைத்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது, வெளியே அந்தக் குரல்.

"மூக்குல அழுத்துதும்மா இந்தக் கண்ணாடி. சார் இல்லையா?"

"சார் வெளியூர் போயிருக்காருங்க."

கடைக்காரர் லென்ஸும் கையுமாக அப்படியே உறைந்து நின்றார். டிரைவர் உறையவில்லை.

"சார், கடைசி வரி தெரியல சார்!" என்று ஹாரன் அடிப்பது போலக் கத்தினார்.

வெளியே கிளம்பப்போன காலடி திரும்பி வந்தது.

"அப்ப உள்ள இருக்கிற சார் யாரும்மா?" என்றாள் ரேடியோ.

"அது... வேற சாருங்க."

"சார், இப்ப சுத்தமாவே தெரியல சார்! என்ன சார் சும்மா நிக்கிறீங்க?"

வேறு வழியில்லாமல், வீங்கிய உதட்டால், யாருடையதும் அல்லாத ஒரு குரலில் கடைக்காரர் கேட்டார். "இது தெழிவா... அது தெழிவா?"

கவுன்டரில் கண்ணாடிப் பெட்டி 'டப்'பென்று மூடுகிற சத்தம் கேட்டது.

"அந்த வேற சார்கிட்ட சொல்லும்மா. என்னைப் பாக்கப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லலாம். இந்த வயசுல நான் ஒண்ணும் அழுதுற மாட்டேன். கண்ணாடி இங்கயே இருக்கட்டும்."

கடைசியில் குரல் கொஞ்சம் உடைந்தது. காலடி போய்விட்டது.

"சார்," என்றார் டிரைவர் மெதுவாக, "அது எனக்கே தெளிவா தெரிஞ்சுது சார். ஓடுங்க."

கடைக்காரர் ஓடவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் குடும்பத்தோடு வண்டி ஏறியபோதும் அவள் இப்படித்தான், அழ மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஏறினாள். அன்றும் அவர் ஓடவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன கண்ணாடியை எடுத்து, மூக்குத்தாங்கியைச் சின்னக் குறட்டால் நெளித்துச் சரி செய்தார். சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, தெரிந்தவர்கள் யாரும் வராத பகுதியில் தோல் மருத்துவர் ஒருவரைத் தேடிப் போனார்.

மருத்துவர் இளம்பெண். இவருக்குப் பாதி வயதுகூட இராது.

"சொல்லுங்க சார்."

"எனக்கில்லம்மா. என் ஃப்ரெண்டு ஒருத்தருக்கு."

"சரி. உங்க ஃப்ரெண்டோட மாஸ்க்கைக் கழட்டுங்க."

கழற்றினார். மருத்துவர் வீக்கத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்க, மூட்டுவலிக் களிம்புக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதைச் சொன்ன பிறகு மற்றதைச் சொல்ல அவ்வளவாகக் கூச்சமில்லை. சுவரில் தொங்கிய பல்லிளிக்கும் குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டே, வாய்வழி என்ற இடத்தில் மட்டும் இருமி, முழுவதையும் சொல்லி முடித்தார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. "பாத்தாலே ஹெர்ப்பீஸ் மாதிரிதான் இருக்கு. உலகத்துல பாதிப் பேருக்கு மேல இருக்கிறது சார் இது. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. மாத்திரை தரேன். புண்ணு முழுசா ஆறுற வரைக்கும் முத்தம், வாய்வழி உறவு ரெண்டும் வேண்டாம். உதட்டிலேருந்து கீழயும் ஒட்டும். அப்புறம், அவங்ககிட்ட நீங்க கண்டிப்பா சொல்லணும்." கொப்புளத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி, ரத்தமும் எடுத்து அனுப்பினார்.

முடிவு வந்த அன்று மருத்துவர் அதை இரண்டு தடவை பார்த்தார்.

"ஹெர்ப்பீஸ்தான். ஆனா இது புதுசு இல்ல சார். இப்பதான் ஒட்டியிருந்தா இதுக்குள்ள ரத்தத்துல இந்த அடையாளம் தெரியாது. ரொம்பக் காலமா உங்க நரம்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. தூக்கம் கெட்டாலோ, ரொம்ப டென்ஷன் ஆனாலோ எழுந்துக்கும்."

"எத்தனை வருஷமா?"

"அதைச் சொல்ல முடியாது. ஒரு முத்தம் போதும். அது உங்க வாழ்க்கையில எப்பன்னு உங்களுக்குத்தான தெரியும்?"

தெரியாமலா? அவர் கணக்கில் இருந்ததே ஒன்றுதானே!

வீடு திரும்பும் வழியெல்லாம் கடைக்காரர் மிதந்தார். ரேடியோவின் படம் ஒன்றுகூட அவரிடம் இருந்ததில்லை. அவள் முகம்கூட நடுவில் சில ஆண்டுகள் மங்கிப்போயிருந்தது. ஆனால் அந்த இருட்டில் அவள் கொடுத்தது அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. அப்பா இறந்தபோது, கடை போட்டபோது, தனியாகச் சினிமா பார்த்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம், சத்தம் போடாமல் கூடவே இருந்திருக்கிறது. அவள் திரும்பி வந்ததும் எழுந்துவிட்டது! கொப்புளத்தை மாஸ்க்குக்கு மேலாக ஒரு தடவை தடவிக்கூடப் பார்த்தார். பிறகு மருத்துவர் சொன்னது நினைவு வந்து, அவசரமாகக் கையைக் கழுவ ஒரு குழாயைத் தேடினார்.

சரி செய்த கண்ணாடியோடு நேராக அவள் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"கண்காட்சி முடிஞ்சுதா?"

பதிலுக்கு மாஸ்க்கைக் கழற்றினார். அவள் பார்த்தாள். அவர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார்: கைப்பேசி, ஆவி, களிம்பு, இருட்டறை, மருத்துவர், ரத்தம். கடைசியில், மேடையில் அந்த ராஜா வேஷக்காரர்கூடப் பேசாத கம்பீரத்தில் சொன்னார்:

"இது நீ அன்னிக்கு இருட்டுல குடுத்தது. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ லைட்டு! எனக்குக் காலேஜ் நாள்லேருந்து அப்பப்ப வரும் இது. வெயில்ல சுத்தினா வரும். சாதாரணக் கொப்புளம்னு விட்டுட்டேன். உனக்குப் போய்க் குடுத்துட்டேனே!"

"பரவால்ல விடு."

"என்ன பரவால்ல? எத்தனை வருஷமா உனக்குள்ள வச்சுக்கிட்டு இருந்திருக்க! உங்கிட்ட எப்படி நான் மன்னிப்பு கேப்பேன்?"

"மன்னிச்சாச்சு," என்றார் கடைக்காரர் பெருந்தன்மையோடு. மன்னிப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அவள் அழுதாள், சிரித்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். மூக்கில் அழுத்தவில்லை என்றாள். வீட்டில் சொல்லிவிடுவோம், இனி ஒளிஞ்சு மறைஞ்சு வேண்டாம் என்று இருவரும் அங்கேயே முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை மாடிக்கு அழைத்து வந்தார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி ஒரு பெண்ணைக் கூட்டி வருவதைப் பார்க்க அவள் கும்பிடாத சாமி இல்லை. நல்ல கோப்பைகளை எடுத்துத் துடைத்துக் காபி கொண்டுவந்தாள். ரேடியோ தன் பங்குக்கு, ஏதோ பெரிய பிராயச்சித்தம் போல, கடைக்காரருக்கு நாற்காலி நகர்த்தினாள், சர்க்கரை கலக்கினாள், ஆற்றியும் கொடுத்தாள். அவர் ஒரு ராஜாவைப் போல அதையெல்லாம் ஏற்றுக்கொண்டார்.

காபி குடிக்க வேண்டுமே. மாஸ்க்கைக் கழற்றினார். வீக்கம் வடிந்து, கொப்புளம் காய்ந்து, உதட்டின் வலது ஓரத்தில் பொருக்கு மட்டும் மிச்சமிருந்தது.

முறுக்குத் தட்டை நீட்டிய அக்கா அப்படியே குனிந்து உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துபோனது.

"அடேய், இது இன்னுமா உன்னை விடல! ஒண்ணாங்கிளாஸ்ல ஒவ்வொரு பரீட்சைக்கும் இதே எடத்துல கொப்பளிச்சுக்கிட்டு, பக்கத்துல உக்காந்த புள்ளைங்களுக்கெல்லாம் ஒட்டவச்சிட்டு வருவியேடா!"