ஓடாத பஸ்ஸின் கண்டக்டர்

உலகத்திலேயே பஸ் இல்லாமல் கண்டக்டர் வேலை பார்த்த ஒரே மனிசன் எங்கள் கண்டக்டர்தான். இல்லையென்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். சக்கரம் இல்லை, ட்ரைவர் இல்லை, ஹோர்ன் இல்லை. இருந்ததெல்லாம் ஐந்து மேசையும் உட்காரப் பத்து வாங்கும் ஒரு தகரக் கூரையும். அதை அவர் நாள்தோறும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எடுத்து, இரண்டு மணிக்குப் பத்திரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். போன மாசியில் அவர் காலமான செய்தி எனக்கு ஒரு கிழமை பிந்தித்தான் கிடைத்தது. அன்றிலிருந்து எழுதவேண்டும் எழுதவேண்டும் என்று இருந்து, இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அது மட்டக்களப்பு வாவிக்கரையில், ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை. நாலைந்து பெண்கள் சேர்ந்து லாபம் பாராமல் நடத்துகிறார்கள். மத்தியானம் மட்டும், மரக்கறிச் சோறு மட்டும். விலை கிடையாது. கை கழுவுகிற இடத்தில் ஒரு சாக்குத் திரை, திரைக்குப் பின்னால் ஒரு பெட்டி. முடிந்ததைப் போடலாம். முடியாவிட்டால் கையைக் கழுவிவிட்டு வரலாம். உள்ளே யார் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரிடமும் காசு என்று வாய் திறக்கக் கூடாது என்பது சமையலுக்குப் பொறுப்பான மரியா அக்காவின் கண்டிப்பான சட்டம்.

அங்கே போய்ச் சேர்ந்தவர், கதிரவெளிப் பாதையில் முப்பது வருசம் "டிக்கட், டிக்கட்" என்று கத்திப் பென்சன் வாங்கிய மனிசன்! யாரும் கூப்பிடவில்லை, சம்பளமும் இல்லை. ஒருநாள் சாப்பிட வந்தாராம். சனம் வாசலில் முட்டிக்கொண்டு நிற்க, உள்ளே பாதி வாங்கு காலியாகக் கிடந்ததாம். அவருக்குப் பொறுக்கவில்லை. "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க! நடுவில இடம் கிடக்கு! தங்கச்சி, பையை மடியில வைங்க!" அன்றைக்குத் தொடங்கியதுதான். மூன்று பேர் இருக்கிற வாங்கில் ஐந்து பேரை இருத்துவார். ஒருவர் சோற்றுக் கோப்பையில் அடுத்தவர் கை போகாமல் சாப்பிடுவதே ஒரு வித்தை. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார், இறங்குகிற இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "மாங்கேணி ரெண்டு பேர், பின்னுக்கு வாங்க. வாகரை, உங்களுக்குச் சொதி வந்திட்டா?" பழக்கதோசத்தில் "டிக்..." என்று வாய் தொடங்கிவிடும். உடனே இருமுவார். அந்த இருமலுக்கு மரியா அக்கா கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக் களைத்துப்போனார்.

முன் சீட் மதகுருமாருக்கு. அது நம் நாட்டு பஸ் சட்டம், ஆகவே கடையிலும் அதுதான் சட்டம். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பாதரும் ஒரு மௌலவியும் ஒரு கோயில் ஐயாவும் ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்க வந்தவர்கள், ஒரே நேரத்தில் சாப்பிட வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு மூலைக்குப் போகப் பார்த்தார்கள். விடுவாரா? "அதெல்லாம் பொதுசனத்தின்ட சீட்" என்று மூன்று பேரையும் முதல் வாங்கில் தோளோடு தோள் ஒட்ட இருத்திவிட்டார். மூன்று பேரும் அப்பளத்தை நொறுக்கத் தொடங்கினார்கள். பிறகு மௌலவி சொதிச் சட்டியைப் பாதர் பக்கம் நகர்த்தினார். பாதர் ஐயாவைப் பார்த்து முழங்கால் எப்படி என்று கேட்டார். மூன்று பேருக்கும் முழங்கால் வலியாம்! போகும்போது ஒரே எண்ணெயின் பெயரை மூவரும் எழுதிக்கொண்டு போனார்கள்.

கண்டக்டர் மட்டும் உட்காரவே மாட்டார். எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்து, இடது கையால் கூரையின் மேல் வளையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுவார். "ஒருக்கா இரிங்களன் அண்ணன்" என்று மரியா அக்கா சொன்னால், "கண்டக்டர் இருந்தா பஸ் என்னத்துக்காகும்?" என்பார்.

நான் அங்கே எப்படிப் போனேன் என்றும் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் கண்டக்டரைச் சொல்ல முடியாது.

வாழைச்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை எனக்கு. தாள் கிடைக்காமல் போன நாட்களில் அச்சகத்தைப் பூட்டினார்கள், வேலை போயிற்று. அதே காலத்தில்தான் என் மனைவி மல்லிகாவுக்குச் சீனி வருத்தம் முற்றிக் காலில் புண் பழுத்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாள். நோயாளிக்கு ஆஸ்பத்திரி வாட்டில் சோறு வரும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு வராது. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு "சாப்பிட்டாச்சு" என்று சொல்லத் தொடங்கினேன்.

மல்லிகாவிடம் பொய் சொல்வது லேசான காரியமா?

"இண்டைக்கு என்ன கறி?"

"பாரை மீன்."

"நேத்து?"

"பாரை."

"முந்தநாள்?"

"அதுவும்... பாரைதான்."

"ஏன், கடல்ல வேற மீனெல்லாம் செத்துப் போச்சா? கையைக் காட்டுங்க."

கையை வாங்கி மூக்கில் வைத்தாள். மீன் தின்ற கையை எப்படிக் கழுவினாலும் கொஞ்சம் மணம் நிற்கும், அது கதிரவெளியில் பிறந்தவளுக்குத் தெரியாதா? "சவுக்காரம்தான் மணக்குது" என்று சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டை மூடி ஒதுக்கினாள். "நீங்க பட்டினி கிடக்க, நான் இதை விழுங்கணுமா? எனக்கும் வேணாம்."

அப்போதுதான் சீனிக்கு ஊசி போட்டிருந்தது. நேர்ஸ் பிள்ளை ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஊசி போட்ட பிறகு சாப்பிடாட்டி ஆள் மயங்கிப் போயிடும் ஐயா. புண்ணும் காயாது, காலை எடுக்க வேண்டி வந்திடும். எப்படியாவது சாப்பிட வைங்க."

அவளைச் சாப்பிட வைக்க ஒரே வழி, நான் சாப்பிடுவது. அடுத்தநாள் அந்தக் கடைக்குப் போனேன். வாவிப்பக்க யன்னலோரம் ஒரு மூலையில் ஒடுங்கி இருந்து, சோறு வந்தும் கை வைக்காமல் வெளியே பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயசில் இலவசச் சோறு. தொண்டையில் இறங்குமா?

"எங்க இறக்கம்?" தலைக்கு மேல் ஒரு குரல்.

"கதிரவெளி" என்றேன்.

கண்டக்டர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். காசு கேட்கப்போகிறார் என்று எனக்கு வியர்த்தது.

"நல்லதாப் போச்சு. கதிரவெளி, உங்களுக்கு ஒரு வேலை. ஒருமணி பஸ் அந்தப் பாலத்தால ஏறினா, மூண்டு நிமிசத்தில நம்மட வாசலுக்கு வந்திடும். வாகரைப் பக்கத்துச் சனம் கன பேர் இஞ்ச சாப்பிடுது. அதை விட்டா நாலு மணிக்குத்தான் அடுத்தது. எனக்கு இஞ்ச ஆயிரம் சோலி. நீங்க யன்னலால பாத்துச் சத்தம் குடுக்கணும். ஏலுமா?"

ஏலும் என்றேன். வேலை என்று ஒன்று கிடைத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சோற்றில் கை வைத்தேன். இறங்கியது.

முதல்நாளே மானம் போயிற்று. பாலத்தில் சிவப்பாக ஒன்றைக் கண்டு "பஸ்!" என்று நான் போட்ட சத்தத்தில் இருபது பேர் எழும்பி ஓடினார்கள். ஒருவர் கோப்பையோடு ஓடினார். வந்து நின்றது வாழைச்சேனை பஸ். திரும்பி வந்த சனம் என்னைப் பார்த்த பார்வையை நான் இப்போது எழுத விரும்பவில்லை. "கதிரவெளி பஸ் இடப்பக்கம் சரிஞ்சு வரும் தம்பி" என்றார் கண்டக்டர். "நேரா வாறதெல்லாம் நம்மட இல்ல. முப்பது வருசத்தில ஒரு பிரயாணியும் என்ட பஸ்ஸைத் தவறவிட்டதில்ல. பேரைக் கெடுத்துப்போடாதீங்க."

என்னைக் கண்டதும் எப்படி அந்த வேலையைத் தந்தார் என்று பின்னொரு நாள் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"சண்டைக் காலத்தில, கடல் ஊருக்குள்ள வந்த காலத்தில, உடுத்த துணியோட ஏறின சனத்தைக் கண்டிருக்கன். காசிருக்கிறவன் கண்டக்டரைப் பாப்பான். இல்லாதவன் யன்னலால வெளிய பாத்துக்கொண்டிருப்பான். அவனிட்டப் போய் என்னெண்டு டிக்கட் கேக்கிற? 'இந்த மூட்டையைக் கொஞ்சம் பிடிச்சுக்கொள்ளுங்க' எண்டு குடுத்திடுவன். மூட்டை பிடிக்கிறவன் பிரயாணி இல்லத்தானே. வேலையாள். வேலையாளுக்கு ஏன் டிக்கட்?"

மற்றப் பக்கம் கிறுகிப் பாலத்தைப் பார்த்தேன்.

ஆனால் ஒரு விசயத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் கை கழுவாமல் போகிறேனாம். உண்மைதான். வழித்து நக்கி, ஒரு கடதாசியில் துடைத்துவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் முன்னால் மறித்தார்.

"கதிரவெளி! இது என்ன ஊத்தைப் பழக்கம்? திரைக்குப் பின்னால போக வெக்கமா? பெட்டியில போடாட்டி ஆர் கேக்கப்போறாங்க? போய்க் கையைக் கழுவுங்க!"

"வெக்கமும்தான் அண்ணன்" என்று மெல்லச் சொன்னேன். "ஆனா அதில்ல. கை மணக்கணும். மணந்து பாத்துத்தான் அவ சாப்பிடுவா."

மல்லிகாவின் கதை முழுவதையும் வாசலில் வைத்துச் சொல்லவேண்டியதாயிற்று. கேட்டு முடிந்ததும் குசினிப் பக்கம் திரும்பிப் போட்டாரே ஒரு சத்தம்! "மரியா! கதிரவெளிக்கு அடிச்சட்டிப் பருப்பு ஒரு அகப்பை! பூண்டு தாளிச்சதாப் பாத்து!" என் உள்ளங்கையில் ஊற்ற வைத்தார். "நல்லாப் பிசைஞ்சு தின்னுங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே மணக்கணும்."

அன்றைக்கு மல்லிகா கண்ணை மூடி என் கையை மணந்தாள். "பருப்பு. பூண்டு போட்டது. கத்தரிக்காயைப் பால்ல விட்டிருக்காங்க. மோர்மிளகாய்." கண்ணைத் திறந்தாள். "நல்ல கை" என்றாள். பிறகு தன் சாப்பாட்டைத் திறந்து மடியில் வைத்தாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பவில்லை. ஒருநாளும் முழுதாகச் சாப்பிட்டு முடிக்கவும் இல்லை. நாலு வாய், ஐந்து வாய், அதுவும் எனக்காக.

இரண்டு கால்விரல் போயிற்று, கால் தப்பியது. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, இனி வீட்டுக்குப் போகலாம் என்ற அன்று, "நீங்க சாப்பிட்ட இடத்தை நான் பாக்கணும்" என்று பிடிவாதம். பொல்லை ஊன்றி நடந்து வந்தாள். வாசலில் கண்டக்டர் நின்றார்.

"கதிரவெளி அம்மா வாங்க. இப்பிடி வாங்க. இது கர்ப்பிணித் தாய்மார் சீட்."

"எனக்கா? ஐம்பத்தாறு வயசிலயா?"

"ஏலாதவங்களும் அதிலதான் அம்மா. சட்டம்."

மல்லிகா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள்!

நான் வழக்கம்போல் யன்னலடிக்குப் போனேன். கண்டக்டர் விடவில்லை. "இண்டைக்கு நீங்க பிரயாணி. பிரயாணி பஸ் பாக்கிறதில்ல. அவங்களுக்குப் பக்கத்தில போய் இரிங்க. நான் பாக்கிறன்." சொல்லிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார். ஆம், உட்கார்ந்தார்! மரியா அக்கா அகப்பையும் கையுமாகக் குசினியை விட்டு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மல்லிகா பருப்பை ஊற்றிப் பிசைந்தாள். மெதுவாக, ஒவ்வொரு வாயாக. என்னைப் பார்க்கவே இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் யன்னல், யன்னலுக்கு அப்பால் பாலம். இடப்பக்கம் சரிந்துகொண்டு ஒருமணி பஸ் பாலத்தில் ஏறுவதை நான் கண்டேன். கண்டக்டரும் கண்டார். சத்தம் போட வாய் திறந்தார். திறந்த வாயோடு மல்லிகாவின் கோப்பையைத் திரும்பிப் பார்த்தார். பாதிச் சோறு இருந்தது.

வாயை மூடிக்கொண்டார்.

எழுந்து, சத்தமில்லாமல் போய், மாங்கேணிக்காரர் இரண்டு பேரின் தோளைத் தொட்டு வாசலைக் காட்டினார். பிறகு வாகரைக்காரர். பிறகு பனிச்சங்கேணிக்காரர். எல்லாரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் எழும்பப் பார்த்தேன். விரலை உதட்டில் வைத்து என்னை முறைத்தார். வெளியே பஸ் நின்றது, மணி அடித்தது, போயிற்று. அவர் திரும்பி வந்து யன்னலடியில் உட்கார்ந்துகொண்டார். முப்பது வருசப் பேர் அன்றைக்குப் போயிற்று.

மல்லிகா தலை நிமிர்ந்தாள். "பஸ் இன்னும் வரேல்லயா?"

"நாலு மணியாகும் அம்மா" என்றார் கண்டக்டர். "ஆறுதலாச் சாப்பிடுங்க."

"அப்ப இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்க" என்றாள்.

நாலு மணி பஸ்ஸில் அவர்தான் எங்களை ஏற்றிவிட்டார். அந்த பஸ்ஸின் கண்டக்டரை நன்றாக ஏசி, முன் சீட்டைக் காலியாக்கி, வெளியிலிருந்து தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்!" என்றார். மாங்கேணி கடக்கிறபோது மல்லிகா தூங்கிப்போயிருந்தாள். அவள் கையை மெல்ல எடுத்து நான் மணந்து பார்த்தேன். பருப்பும் பூண்டும் மணத்தது. கண்டக்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அந்த மணம்தான் வருகிறது.